குழியில் வந்த கங்கையும் ஏழு வேட்டியும்

பண்ணைப்புரம்,
4-4-1938

மகாராஜராஜஸ்ரீ மாமா அய்யாத்துரை அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் சுருளியாண்டி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகள் ராஜாத்தியும் வண்டி மாடுகளும் சுகம். சரளைக் குழிக்கு மட்டும் போன மாதம் முழுக்க உடம்பு சரியில்லை, இப்போது தேவலை. போடியில் அத்தையின் மூட்டுவலி எப்படி, ஜவுளிக்கடை வியாபாரம் எப்படி என்று ஒரு வரி எழுதவும். முன்னது குறைந்து பின்னது கூடியிருக்க வேண்டுகிறேன்.

முதலில் நன்றி. தங்கள் தோட்டத்தில் தண்ணீர் இறைக்க வாங்கிய ஆயில் இன்ஜினை, நான் கேட்ட மறுநாளே, ஏன் எதற்கு என்று கேட்காமல் வண்டியேற்றி அனுப்பினீர்கள். பெண்ணையும் கொடுத்து இன்ஜினையும் கொடுத்த மாமனார் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கிறார். கேட்காததை நானே சொல்லிவிடுகிறேன்.

புது ரோட்டுக்கு முந்நூறு வண்டி சரளை, பங்குனி முடிவதற்குள் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். குழி இரண்டாள் ஆழம் போனதும் தண்ணீர் குபுகுபுவென்று வந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொள்கிறேன், சரளை சுமக்கும் பெண்கள் குலவையிடுகிறார்கள், வெட்டுகிற ஏழு பேரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைக் கும்பிடுகிறார்கள். ஏழு பேரும் பரம்பரையாகக் கிணறு வெட்டுகிறவர்கள் மாமா. தண்ணீர் கண்டால் நிலத்துக்காரர் அவர்களுக்குப் புது வேட்டி கொடுத்துப் பொங்கல் வைக்க வேண்டும், மூன்று நாள் அந்தத் தண்ணீரை யாரும் தொடக்கூடாது, அதுதான் முறை. “ஏலே, இது கெணறு இல்லடா, என் பொழப்புடா!” என்று கத்தினேன். அவர்களுக்குத் தலைவன் ஒச்சாண்டி, “கங்கம்மா வந்து நிக்கிறா, கெணறா குழியான்னு அவகிட்டக் கேக்க முடியுமா மொதலாளி? வேட்டியக் குடுங்க” என்றான். மாசியில் தங்கள் கடையில் ஏழு வேட்டி வாங்கினேனே, விசேஷம் ஏதாவதா என்று தாங்கள் கேட்டு நான் மழுப்பினேனே, அது இந்த விசேஷம்தான்.

பிறகு தங்கள் இன்ஜின் வந்தது. முதல் நாள் அது இரைந்து தண்ணீரைக் கக்கியபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எட்டு நாள் ராப்பகலாக இறைத்தோம், தண்ணீர் ஒரு சாண் இறங்கவில்லை. அதே சமயம் பக்கத்துப் பள்ளத்தில் சங்கிலியம்மாளின் கிணறு, அதன் ஊற்றை என் குழி மறித்துக்கொண்டதால், வற்றிச் சேறாகிவிட்டது. பதினோரு வீட்டுக்குக் குடிதண்ணீர் அதுதான். ஊர் கூடி, “வெள்ளிக்கெழமைக்குள்ள கெணத்துல தண்ணி நிக்கணும், இல்லாட்டிக் குழிய மூடிப்புடணும்” என்று சொல்லிவிட்டார்கள். மூடினால் சரளை இல்லை, சரளை இல்லையென்றால் இனி எந்த ரோட்டு ஓவர்சியரும் என் முகத்தில் முழிக்கமாட்டார். நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை, ராஜாத்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை சங்கிலியம்மாளே வெறுங்குடத்தோடு சண்டைக்கு வந்தாள். திட்டி முடித்து மூச்சு வாங்கும்போது, இன்ஜின் குழாயின் தண்ணீர் குழியின் மேட்டுக்கரையில், குவித்த சரளை மேலேயே விழுவதைப் பார்த்தாள். நேராக வீட்டுக்குப் போய், துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு பொட்டலம் கொண்டுவந்து அங்கே கரைத்து ஊற்றினாள். மத்தியானம் குழிச்சுவரில் நீலமாக ஊறுகிறது! “ஒரே தண்ணிய எட்டு நாளா சுத்தி வரவிட்டுருக்கியேப்பா, சாமி தேரா அது?” என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நேரத்தில் ஒச்சாண்டி, “நெறம் வேறயா இருக்கு மொதலாளி, இது புது ஊத்து” என்று மறுபடி வேட்டி கேட்டான்.

அன்றே அவள் காட்டிய வழியில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை இருநூறு கஜம் தள்ளி அவள் கிணற்றிலேயே விழவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றில் ஓராள் தண்ணீர், ஊர் வாயை மூடியது. ஐந்தாம் நாள் குழியில் தரை தெரிந்தது. இன்று முந்நூறாவது வண்டி போய்விட்டது மாமா. ஓவர்சியர் கையில் அள்ளிப் பார்த்து, “கழுவுன சரளையா இருக்கே!” என்று மெச்சினார். எட்டு நாள் கழுவியதை நான் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றியது தங்கள் இன்ஜினும் சங்கிலியம்மாளின் நீலமும். அவளிடம் சொல்லிவிட்டேன், தங்களிடமும் சொல்கிறேன், சாகிறவரை மறக்கமாட்டேன்.

இன்ஜினைத் துடைத்து எண்ணெய் போட்டு வியாழக்கிழமை கட்டாயம் வண்டியேற்றி விடுகிறேன். அத்தைக்கு எங்கள் கும்பிடு. எங்களை ஆசீர்வதிக்கவும்.

தங்கள் மருமகன்
சுருளியாண்டி

பி.கு: இன்ஜின் வியாழக்கிழமை வராது. சற்றுமுன் கழற்றப் போனேன். பதினோரு வீட்டுப் பெண்களும் அதற்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டுச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். “எங்க கெணத்துக்குக் கங்கம்மாவக் கூட்டியாந்த சாமிய எங்கன கொண்டுபோற?” என்கிறாள் சங்கிலியம்மாள். கிணற்றில் தண்ணீர் கண்டாகிவிட்டதால் முறைப்படி வேட்டி வேண்டுமென்று ஒச்சாண்டியும் நிற்கிறான். ஆகவே தயவுசெய்து இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆள் வசம் எட்டு வேட்டி கொடுத்தனுப்பவும். வெட்டுகிற ஆள் ஏழு பேர்தான். எட்டாவது இன்ஜினுக்கு.