ராட்னியின் அமைதிப் பெட்டி

ராட்னிக்கு வந்த சோதனையைப் பாருங்கள். மனைவி அவன்மேல் இரக்கப்பட்டுவிட்டாள்.

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பான். கோபத்துக்கு அவனிடம் கைவசம் வைத்தியம் இருந்தது. இரக்கத்துக்குத்தான் ஒன்றும் இல்லை.

சிட்னிக்கு மேற்கே, மலையில், லாசன் என்கிற ஊரில் அவர்கள் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். இதே ஊரில் வேறு வீடு பார்த்தால் போச்சு என்று சொல்ல ராட்னி வாயெடுத்தான். அதற்குள் ஜெனீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் ராட்னி. நீ பட்டது போதும். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். கட்டின புருஷன் கண்ணு முன்னால தேயறதைப் பார்த்துக்கிட்டு இருக்க நான் என்ன கல்லா? கீழ, டவுன் பக்கம் போயிடுவோம். நல்ல ஸ்கூல், பக்கத்துல பார்க்கு, உன் ஆபீசுக்கு முக்கால் மணி நேரம். நான் முடிவு பண்ணிட்டேன்."

ராட்னிக்கு இந்த முடிவு ஆகாது. காரணம், அவன் தேயவில்லை. அந்த ரயிலில்தான் வளர்ந்துகொண்டிருந்தான்.

மலை ரயிலின் முதல் பெட்டிக்கு அமைதிப் பெட்டி என்று பெயர். அதில் யாரும் பேசக் கூடாது. போன் மணி அடித்துவிட்டால் எல்லாத் தலைகளும் திரும்பும். போனுக்குச் சொந்தக்காரர் ஓடும் ரயிலிலிருந்து குதித்துவிடலாமா என்று யோசிப்பார். ராட்னிக்கு அங்கே ஜன்னலோரம் நிரந்தர இடம். கழுத்துக்கு ஒரு தலையணை, பிளாஸ்கில் டீ, மடியில் துப்பறியும் நாவல். எதிரே பின்னல் போடும் ஓர் அம்மாள், பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர். ஆறு வருடப் பழக்கம். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேசியதில்லை. ராட்னியைக் கேட்டால் உலகத்திலேயே தன் உயிர் நண்பர்கள் அவர்கள்தான் என்பான்.

வீட்டிலோ மகன் ஆங்கஸ் ட்ரம்பெட் பழகிக்கொண்டிருந்தான். அவன் ஊத ஆரம்பித்தால் நாய் ஊளையிட ஆரம்பிக்கும். மகள் டில்லி எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பாள், பதில் சொன்னால் அதற்கும் ஒரு "ஏன்?". இவற்றுக்கு நடுவில்தான் ஜெனீன் சமையலறை ஜன்னலோரம் மேஜை போட்டு, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நாள் முழுக்க போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ராட்னி ரயிலிலிருந்து தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இறங்குவான். அந்த முகத்தோடு வீட்டுக்குப் போக முடியுமா? வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று தலைமுடியைக் கலைப்பான். சட்டையைக் கசக்குவான். தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய் சோபாவில் விழுவான்.

"முடியல ஜெனீன். இந்த ரயில் ஒருநாள் என்னைக் கொன்னுடும்."

உடனே டீ வரும். பாத்திரம் கழுவுவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எதற்கும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு. அது இப்படித் தன் தலையிலேயே விடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கீழே ஓடுகிற டவுன் ரயில்களில் அமைதிப் பெட்டி கிடையாது.

அதை விடப் பெரிய திருட்டுத்தனம் ஒன்றும் இருந்தது. அவன் அலுவலகம் இரண்டு வருடமாகவே "வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டது. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ராட்னி மட்டும் வீட்டில் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை, மலைக்குக் கீழே டூங்காபி என்கிற ஊரில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போனார்கள். வந்து பார்ப்பவர்களுக்காகக் கால் மணி நேரம்தான் திறந்து வைப்பார்கள்; தெருக்கோடி வரை குடும்பம் குடும்பமாக வரிசை. இத்தனை போட்டியில் நமக்கெங்கே கிடைக்கப்போகிறது என்று ராட்னி கொஞ்சம் நிம்மதியாக இருந்தான். உள்ளே போனதும் அந்த நிம்மதி போயிற்று. வீடு அவ்வளவு நன்றாக இருந்தது. எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம், பின்பக்கம் பார்க், ரயில் நிலையம் கூப்பிடு தூரம். போதாததற்குப் பக்கத்து வீட்டுத் தமிழ்க்கார அம்மாள் வேலிக்கு மேலாக ஒரு தட்டு வடையை நீட்டிவிட்டாள். ஆங்கஸ் வாயில் ஒன்று, கையில் இரண்டு. டில்லி முதல்முறையாக ஏன் என்று கேட்காமல் ஒரு பொருளை வாங்கித் தின்றாள்.

ராட்னி தரகர் டேமியனை ஓரங்கட்டினான்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது. என் பையன் ட்ரம்பெட் ஊதுவான்."

"ரொம்பச் சந்தோஷம் சார். வீட்டுக்காரர் பேண்டு வாத்தியத்துல இருந்தவரு."

"நல்லா ஊத மாட்டான்."

"அவரும் நல்லா ஊத மாட்டாரு சார்."

"நாய் வேற இருக்கு. கூடவே ஊளையிடும்."

"நாயா!" டேமியன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போன நாய் செத்ததுலேருந்து வீடே வெறிச்சோடிக் கிடக்குன்னு நேத்துக்கூட வருத்தப்பட்டாரு. உங்களுக்கே குடுக்கச் சொல்லிடறேன்."

கெடுக்கப் போய்க் காரியத்தைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்துவிட்டு ராட்னி காரில் ஏறினான். பதில் சொல்லத் திங்கட்கிழமை வரை அவகாசம். அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். தியாகம்.

"ஜெனீன், எனக்கு என்ன ஆனா என்ன? பிள்ளைங்களை நினைச்சுப் பாரு. இந்த மலைக் காத்து கீழ கிடைக்குமா? இந்த மரம், இந்தப் பனி, இந்தப் பறவைங்க..."

"பறவைங்களா? வெள்ளைக் கிளி நம்ம ஜன்னல் சட்டத்தைக் கடிச்சுத் தின்னப்போ அதைக் கொன்னுடுவேன்னு துடைப்பத்தோட ஓடினியே?"

"அதுவும் ஒரு அனுபவம்தானே. நான் எப்படியோ தாங்கிக்கறேன். நீங்க எல்லாரும் நல்லா இருந்தா சரி."

ஜெனீன் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

"என் ராசா. அப்படின்னா ஒண்ணு செய்யறேன். புள்ளைங்களைப் பக்கத்து வீட்டு எமிலிகிட்ட விட்டுட்டு நாளன்னிக்கு நானும் உன்கூட வர்றேன். நீ படற பாட்டை என் கண்ணால பார்க்கறேன். தாங்கற மாதிரி இருந்தா மலையிலயே இருப்போம். இல்லேன்னா டூங்காபி."

ராட்னி ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டான். சாதாரணப் பெட்டியில் ஏற்றினால், சத்தத்தைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்று டூங்காபிக்குக் கட்டில் பீரோவை ஏற்றிவிடுவாள். அமைதிப் பெட்டிதான் சரி. இதில் ஓர் ஓட்டை இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை. பனிக்குள்ளிருந்து ரயில் வந்தது. முதல் பெட்டி, ஜன்னலோரம். ஜெனீன் உட்கார்ந்ததும் அவன் காதருகே குனிந்தாள்.

"ராட்னி, அடுப்பை அணைச்சேனா?"

பின்னல் ஊசி நின்றது. "ஷ்ஷ்!"

ஜெனீனுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். ராட்னி பெருந்தன்மையாகத் தன் தலையணையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினான். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தான். ரயில் மரங்களுக்கு நடுவே இறங்க ஆரம்பித்தது.

ஜெனீன் கண்ணை மூடினாள். திறந்தாள். யாரும் "அம்மா" என்று கூப்பிடவில்லை. மறுபடி மூடினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோள் இறங்கியது, புருவம் இறங்கியது. பென்ரித் ஸ்டேஷன் தாண்டும்போது குறட்டை மாதிரி மெல்லிசாக ஒன்று வந்தது. ராட்னி அவளைப் பார்த்தான். இவள் சும்மா உட்கார்ந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? சுருக்கென்றது அவனுக்கு. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பிறகு, ஜெயித்துவிட்டோம் என்பது ஞாபகம் வர, வெட்கம் போய்விட்டது.

சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் எல்லோரும் எழுந்தார்கள். ஜெனீன் எழவில்லை.

"இறங்கணுமா?" என்றாள், டில்லி குரலில்.

"இறங்கணும். நீ கடைத்தெரு பக்கம் சுத்திட்டு வா, சாயங்காலம்..."

"எதுக்கு? வந்தது வந்தாச்சு, உன் ஆபீசையும் பார்த்துடறேன்."

"வெளியாளுங்களை விட மாட்டாங்க."

"நான் வெளியாளா?"

அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தான். லிப்ட் கதவு திறந்தது. மேஜைகள் வரிசையாக இருந்தன. நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மனிதர்கள்தான் இல்லை.

"எல்லாரும் எங்க?"

"மீட்டிங்."

"எல்லாருமா?"

"பெரிய மீட்டிங்."

அந்த நேரம் பார்த்துத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் மேலதிகாரி பிலிப்பா வந்தாள். வராதவள் அன்றைக்கென்று வந்திருந்தாள்.

"ராட்னி! மறுபடி வந்துட்டீங்களா? வீட்லேருந்தே பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ரெண்டு வருஷமா இந்த மாடியில தவறாம இருக்கறது நீங்களும் இந்தச் செடியும்தான். இதையும் நான் இன்னிக்கு வீட்டுக்குக் கொண்டுபோறேன்." பிறகு ஜெனீனைப் பார்த்தாள். "நீங்க மிஸஸா? பாவம், வீடு ரொம்பச் சின்னதாமே. ஒரு மேஜை போடக்கூட இடமில்லைன்னு சொன்னாரு."

ராட்னி தரையைப் பார்த்தான். தரை பிளக்கவில்லை.

"ஆமாங்க," என்றாள் ஜெனீன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. "ரொம்பச் சின்ன வீடு. இப்பதான் பெருசா ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கோம்."

பெண்கள் இரண்டு பேரும் தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு லிப்ட் வரை பேசிக்கொண்டே போனார்கள். என்ன பேசினார்கள் என்று அவன் காதில் விழவில்லை.

சாயங்காலம் திரும்பும் ரயிலில் ஜெனீன் நேராக முதல் பெட்டிக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தலையணையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். ராட்னிக்குச் சொல்ல வேண்டியது மலையளவு இருந்தது.

"ஜெனீன், அது வந்து..."

"ஷ்ஷ்!" என்றது பின்னல் ஊசி.

பாரமட்டா ஸ்டேஷன் வந்தது. "நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஷ்ஷ்!" தாடிக்காரரும் சேர்ந்துகொண்டார். ஆறு வருட சிநேகிதம், ஒரே நாளில் கட்சி மாறிவிட்டது. மனைவிக்கு உண்மை தெரிந்துவிட்டது, அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை, கேட்கவும் கூடாது. அவ்வளவு நீளமான பயணத்தை ராட்னி வாழ்க்கையில் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள்.

"நீ சொன்னது சரி. மலையிலயே இருப்போம்."

"கோவமில்லையா?"

"எதுக்குக் கோவம்? காத்து நல்லா இருக்கு. ரயில் நல்லா இருக்கு. அந்த டேமியன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். பக்கத்து ஊரு ஹேசல்புரூக்ல ஒரு வீடு வாடகைக்கு வருதாம். ஸ்கூலும் ஸ்டேஷனும் நடக்கற தூரம். ஒரே ஒரு கண்டிஷன், மேஜை போட ஒரு தனி ரூம் வேணும்."

"உனக்கா? தாராளமா!"

"வேலை பார்க்கறவங்களுக்கு," என்றாள் ஜெனீன்.

பெருந்தன்மையான பெண் என்று ராட்னி உருகிப்போனான். புது வீட்டுக்குச் சாமான் தூக்கும்போது நாய்க்கூண்டைக்கூடத் தானே தனியாகத் தூக்கினான்.

குடிபோன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை. எழுந்து பார்த்தால் பிளாஸ்கைக் காணோம். தலையணையைக் காணோம். துப்பறியும் நாவலையும் காணோம். இன்னும் கொலைகாரன் யாரென்று தெரிந்திருக்கவில்லை. வாசலில் ஜெனீன் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவன் பை அவள் தோளில்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆபீசுக்கு. எங்க டவுன் ஆபீஸ்ல ஒரு மேஜை காலியாம், தினம் வரலாம்னுட்டாங்க. பிலிப்பாகிட்டயும் பேசிட்டேன். வீட்ல இப்ப இடம் இருக்கு, இனிமே அவர் வீட்லேருந்தே பார்ப்பாருன்னு சொன்னதும் அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆங்கஸ் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி பாடம் ஊதணும். மூணு மணிக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும். நீ இனிமே அந்த ரயில்ல கஷ்டப்பட வேண்டாம் ராசா."

"அந்த நாவலையாவது..."

"சமையக்காரன்தான் கொன்னான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆங்கஸ் ஊதினான். நாய் ஊளையிட்டது. டில்லி, "அப்பா ஏன் அழற மாதிரி இருக்கீங்க?" என்றாள். ராட்னி ஜெனீனுக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. ஒரு செய்தி வந்தது: 'அமைதிப் பெட்டியில் இருக்கிறேன். போன் பண்ணாதே. பின்னல் அம்மாள் முறைக்கிறாள்.'

சாயங்காலம் ஒரு கையில் டில்லியின் தலையைத் துவட்டும் துண்டும் மறு கையில் கரண்டியுமாக அவன் சமையலறையில் நின்றிருந்தான். ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. ஜெனீன் வந்துகொண்டிருந்தாள், தூங்கி எழுந்த முகமும் துள்ளல் நடையுமாக. கேட்டுக்கு வெளியே நின்றாள். தலைமுடியைக் கலைத்தாள். சட்டையைக் கசக்கினாள். தோளைத் தொங்கப் போட்டாள்.

பழைய லாசன் வீட்டில் ஜெனீன் மேஜை போட்டிருந்த சமையலறை ஜன்னலிலிருந்தும் கேட் நன்றாகத் தெரியும் என்பது அப்போதுதான் ராட்னிக்கு ஞாபகம் வந்தது.

ஜெனீன் உள்ளே வந்தாள். சோபாவில் விழுந்தாள்.

"முடியல ராட்னி. இந்த ரயில் ஒருநாள் என்னைக் கொன்னுடும்."

ராட்னி டீ போடப் போனான்.