கணுக்காலுக்கு எடுத்த அளவு

இனி ஒரு கல் உப்புக்காகக்கூட மனைவியிடம் கெஞ்சுவதில்லை என்று சபதம் செய்தேன். கெஞ்சினால்தானே மறுப்பாள்? திருடிவிட்டால்?

என் இதயம் பலவீனமாகிவிட்டது. நின்றுவிடவில்லை, பாதி வேலைதான் செய்கிறது. "ஊர்ல பாதிப் பேர் அப்படித்தானே வேலை செய்றான்!" என்றேன் டாக்டரிடம். அவர் சிரிக்கவில்லை. உப்பைக் குறைக்கணும், தண்ணீரை அளந்து குடிக்கணும், தினமும் காலையில் எடை பார்க்கணும், அது சட்டென்று ஏறினாலோ, கால் வீங்கினாலோ உடனே வரணும் என்றார். என்னிடம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவளிடம் சொன்னார்.

அன்றிலிருந்து, விடிந்ததும் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் எடை மெஷின்மேல் நிற்க வேண்டும். இடுப்பில் பாப்பாவோடு குனிந்து முள்ளைப் பார்ப்பாள். சந்தை மாட்டுக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

நான் தையல்காரன். வீட்டு முன்னறைதான் கடை. பொத்தான் டப்பாவில் உப்புக்கடலை ஒளித்தேன். தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் கடலை கடிபடுவது யாருக்குக் கேட்கும்?

எடை ஏறியது. எடை மெஷின் அடியில், முள்ளைத் திருப்பும் சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. அவள் எழுவதற்கு முன்பே எழுந்து பின்னால் திருகிவிட்டேன்.

"ஏறவே இல்லையே!" என்றாள்.

"ஒழுக்கமா இருக்கேன்ல?"

"ஆமாங்க. மூணு தலையணை வெச்சு ஒழுக்கமாத் தூங்கறீங்க."

படுத்தால் மூச்சு முட்டியது நிஜம். சொன்னால் கடலை போய்விடுமே! மூச்சா, கடலையா? கடலை என்றது நாக்கு.

இன்று காலை, பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வாத்தியார் வந்தார். இடுப்பை அளந்துகொண்டிருந்தேன். விறுவிறுவென்று வந்தவள், என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கி, உட்கார்ந்து, என் கணுக்காலில் சுற்றினாள்.

"ஏய், கஸ்டமர் முன்னால என்ன இது?"

"நீங்க தூங்கறப்ப தினமும் எடுக்கறதுதான். நேத்தைவிட அரை அங்குலம் கூட."

"எடை ஏறலையே!"

"அதுல நானும் ஏறினேன். ரெண்டு கிலோ இளைச்சுட்டேனாம்! பட்டினி கெடந்தேனா நான்?"

வாய் முந்திக்கொண்டது. "பழைய டேப்டி அது. தப்பாக் காட்டும்."

வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார். "தப்பாக் காட்டுமா? போன பேன்ட் இறுக்குதுன்னப்ப, நான்தான் பெருத்துட்டேன்னீங்களே, மாஸ்டர்?"

டேப் சரி என்றால் நான் நோயாளி. தப்பு என்றால் நாளைக்குத் தெருவே துணியைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்கும்.

"இந்த டேப்பா சார்? மயிரிழைகூடத் தப்பாது!"

"கேட்டுக்கோங்க சார், அவரே சொல்லிட்டார்" என்றாள். என் காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் குரல் உடைந்தது. "பாப்பாவுக்கு அப்பா வேணுங்க. சுவத்துல மாட்டின போட்டோ வேணாம். கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

மூச்சு வாங்கியது. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன். அதன் பக்கத்தில் பெரிதாக வேறொரு ஜோடி கிடந்தது.

"இது யாருது?"

"அடுத்த தெருவுல இருக்கற எங்க அண்ணனோடது. விடிஞ்சதுமே ஓடிப்போய் கேட்டு வாங்கிட்டு வந்தேன். உங்களோடதுல இன்னிக்குக் கால் நுழையாது."

என் செருப்பில் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.