ஈரமானித் தேர்வுக் குழு

முடிவெடுப்பது யாராலும் ஆகக்கூடிய காரியம். எந்தக் கருவியைக் கொண்டு முடிவெடுப்பது என்று முடிவெடுக்கத்தான் மகான்கள் தேவைப்படுகிறார்கள். அப்படி ஒருவர் ஹைதராபாத்தின் மேற்குக் கோடியில், எங்கள் காலனியிலேயே குடியிருப்பது நாங்கள் செய்த பாக்கியம்.

சௌந்தரராஜன் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவர். அளக்காமல் எதையும் நம்பியதில்லை. மனைவி கிரிஜா அம்மாள் காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் கை வைக்கமாட்டார், தெர்மாமீட்டரைத் தேடுவார்.

வேலையில் சேர்ந்த வருடமே மணந்துகொண்ட அந்த அம்மாளுக்கு அவர் கொடுத்திருந்த ஒரே வாக்கு, ஊர் சுற்றிக் காட்டுவது. வேலையில் இருந்தவரை ஒவ்வொரு பயணமும் ஏதோ ஒரு 'அவசர இன்ஸ்பெக்‌ஷ'னில் அடிபட்டுப் போயிற்று. ஓய்வுபெற்ற கையோடு, ஜூன் மாதம், பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி வந்தார். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வேனுக்குள்ளேயே. ஆகஸ்ட் ஐந்து ஹம்பிக்குப் புறப்பாடு என்று அம்மாள் காலண்டரில் வட்டம் போட்டார். வண்டிக்குள் ஏறியதுமே மூக்கைச் சுளித்தார்.

"ஈர வாடை வருதுங்க. மேலே எங்கேயோ ஒழுகுது."

"எத்தனை பர்சென்ட்?" என்றார் சௌந்தரராஜன்.

சனத்நகரில் வண்டிகளுக்கு பாடி கட்டும் சின்னசாமி வரவழைக்கப்பட்டார். கூரையில் ஏறி, மேல் ஜன்னலைச் சுற்றி விரலை ஓட்டிவிட்டு இறங்கினார். ரப்பர் விட்டுப்போயிருக்கிறது, ஒரு டியூப் சீலன்ட் போதும், டீ வருவதற்குள் முடித்துவிடலாம் என்றார். டியூப் கையிலேயே இருந்தது.

"அடைச்சுட்டா, ஈரம் எவ்வளவு இருந்துச்சுன்னு அப்புறம் எப்படிப்பா தெரியும்?"

"தெரிஞ்சு என்ன சார் பண்ணப்போறீங்க?"

இப்படிக் கேட்கிறவர்களால்தான் நாடு முன்னேறாமல் இருக்கிறது. சின்னசாமிக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாளே 'ஈரமானித் தேர்வுக் குழு' அமைந்தது. தலைவர் சௌந்தரராஜன். உறுப்பினர்கள் இருவர்: அதே தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் ஓய்வுபெற்ற ராகவேந்திரா; ஐ.டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் காலனியின் எல்லாக் குழுக்களுக்கும் நேரமுள்ள ஜெகநாதன்.

ஈரம் பார்க்கும் மீட்டரில் இரண்டு வகை. ஒன்று ஊசியால் மரத்தைக் குத்திப் பார்த்துச் சொல்லும். மற்றது மேலே வைத்தாலே சொல்லும். குத்தினால் ஓட்டை விழும் என்றார் ராகவேந்திரா. குத்தாதது உள்ளே தகரம் இருந்தால் பொய் சொல்லும் என்றார் ஜெகநாதன். இந்தக் கருத்து மோதலில் ஜூன் முடிந்தது. ஜெகநாதன் பதினேழு மீட்டர்களை நாற்பது அம்சங்களில் ஒப்பிட்டு எக்செல் போட்டார். நிறத்துக்கும் மதிப்பெண் உண்டு. மூன்று கொட்டேஷன் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் ராகவேந்திரா. செகந்திராபாத்தில் அவர்களுக்குத் தெரிந்து இரண்டு கடைகள்தான் அதை விற்றன. மூன்றாவது கடைக்காரர் நெல்லுக்கு ஈரம் பார்க்கும் மெஷினுக்குக் கொட்டேஷன் கொடுத்து விதிமுறையைக் காப்பாற்றினார்.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிரிஜா அம்மாள் வண்டிமேல் தார்ப்பாய் போட்டார். தலைவர் தாமே ஏறி அதை அகற்றினார். சோதனைக்குரிய பொருளை மூடினால் ரீடிங் மாறிவிடுமாம். கட்டிலில் சொட்டிய தண்ணீரை அம்மாள் பழைய துணியால் துடைத்தார். அது 'சான்றைக் கலைத்தல்' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. அன்றே தொழிற்சாலை வழக்கப்படி வண்டிக் கதவில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. சிவப்பு அட்டை தொங்கும் பொருளைத் தொடவோ, நகர்த்தவோ, திருத்தவோ எவருக்கும் அதிகாரமில்லை. மழைக்கு மட்டும் விலக்கு.

ஜூலைக் கடைசியில் அம்மாள் கேட்டார்: "அஞ்சாம் தேதி கிளம்பறோமா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"மீட்டர் வரட்டும்."

"வந்தா?"

"காலிபரேட் பண்ணணும்."

"ஹவ்," என்றார் அம்மாள். ஹைதராபாத் பேச்சில் 'சரி' என்று அர்த்தம். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த பெண் இவ்வளவு சுருக்கமாகப் பேசினால் நிலைமை எப்படி என்று அளக்கும் கருவி சௌந்தரராஜனிடம் இல்லை.

ஆகஸ்ட் நான்காம் தேதி மீட்டர் வந்தது. ஊசி வைத்தது, மஞ்சள் நிறம். சௌந்தரராஜன் காய்ந்த கட்டையில் ஒருமுறை, நனைத்த கட்டையில் ஒருமுறை குத்தி அதன் நேர்மையைச் சோதித்தார். பிறகு வண்டிக்குள் போய், கட்டில் பலகையில் மெல்ல அழுத்தினார். ஊசி உள்ளே போயிற்று. பின்னாலேயே மீட்டர் போயிற்று. அதன் பின்னாலேயே அவர் கை, முழங்கைவரை.

"எத்தனை காட்டுது?" என்றார் ராகவேந்திரா.

கையை எடுத்தால் ரீடிங் மாறிவிடும் என்று தலைவர் அசையவில்லை. ஜெகநாதன் தரையில் படுத்து, மொபைல் வெளிச்சத்தில் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தொம்பது சார். அதுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது."

இறுதி அறிக்கை அன்று மாலையே காலனி அறிவிப்புப் பலகையில் ஏறியது: 'கருவி துல்லியமாக இயங்குகிறது. தேர்வு சரியானது. வண்டி நிராகரிக்கப்படுகிறது.' மூவரும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினார்கள்.

மறுநாள் காலை கிரிஜா அம்மாள் ஒரு பையோடு ஆட்டோவில் ஏறினார். ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டைக்கு பஸ், ஒரே ஒரு டிக்கெட்.

"எப்ப முடிவு பண்ணினே?" என்றார் சௌந்தரராஜன்.

"ஜூன்லயே. மூக்காலே."

ஆட்டோ திருப்பத்தில் மறைந்தது. தலைவர் வீட்டுக்குள் வந்து தம் நாற்காலியில் உட்காரப் போனவர் நின்றார். வண்டிக் கதவில் இருந்த சிவப்பு அட்டை நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்புறம் பேனாவால் இரண்டு வரி:

'முப்பத்து நான்கு வருடச் சோதனை முடிந்தது. மீட்டர் தேவைப்படவில்லை.'