பூண்டுப் பாத்திக்கு ஒரு பட்டாளம்

மேல்மலை,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பொன்னுவேல் அவர்களுக்கு, உங்கள் மாமனார், ஓய்வுபெற்ற ஹவில்தார் நல்லசாமி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை வேலுத்தாய், உங்கள் மனைவி மணிமேகலை மூவரும் சுகம். பூண்டுதான் சுகமில்லை. அங்கே உங்கள் சுகமும் உங்கள் துப்பாக்கியின் சுகமும் அறிய ஆவல்.

எதிரி யாரென்றே தெரியவில்லை, ஒரு நாள் எல்லையைப் பார் என்கிறார்கள், மறுநாள் வெள்ளத்தில் படகு தள்ளு என்கிறார்கள், அதற்கடுத்த நாள் வானத்தில் ட்ரோன் தேடு என்கிறார்கள், விலகல் மனு கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். எதிரி தெரியாதபோதுதான் பட்டாளம் வேண்டும். என் அனுபவத்தையே கேளுங்கள்.

மாதத் தொடக்கத்தில் நம் பூண்டுப் பாத்தியை ஏதோ ஒன்று மிதித்துவிட்டுப் போனது. காட்டுமாடு என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பழனிமுத்து, பன்றி என்றார் கீழ்வீட்டுச் சுந்தராம்பாள், களவாணி என்றாள் உங்கள் அத்தை. "நீங்க பட்டாளத்துல இருந்தவுக, நீங்களே பாருங்க" என்று ஊரே என்னிடம் ஒப்படைத்துவிட்டது. எனக்கும் எட்டு வருடமாக ஒரு சோலி கிடையாது. காட்டுமாட்டுக்கு அகழி வெட்டினேன், அதில் பழனிமுத்துவின் கறவை மாடு விழுந்து, தூக்க ஏழு பேர் வேண்டியிருந்தது. பன்றிக்கு முள்வேலி போட்டேன், அதில் மணிமேகலையின் புதுச்சேலை கிழிந்தது. களவாணிக்காகப் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு தினமும் மூன்று வேளை ரோந்து போனேன், தடம் அளக்கப் பாத்திக்குள்ளும் இறங்கினேன். ஒரு மத்தியானம் மூடுபனிக்குள் ஓர் உருவம் அசைய, "தம்! கோன் ஆதா ஹை?" என்று, நில், யார் வருவது என்பதைப் பட்டாளத்து இந்தியில் அதட்டினேன். "ஒங்க பொண்டாட்டிதான்! கஞ்சி வேணுமா வேணாமா?" என்று பதில் வந்தது. இத்தனை காவலிலும் மிதிபடுவது நாளுக்கு நாள் கூடியதே தவிர குறையவில்லை. எதிரி அவ்வளவு கெட்டிக்காரன்.

போன செவ்வாய் பேய்மழை. வருடா வருடம் சுந்தராம்பாள் வீட்டுக்குள் புகும் மேட்டுத்தண்ணீர், இந்த முறை என் அகழியில் இறங்கி ஓடைக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. மாட்டுக்கு வெட்டியது மழைக்கு உதவியது. நம் வேலையே அதுதான். ஆகையால் மனு வேண்டாம்.

கம்பளியை மறக்காதீர்கள். நம் மலைச்சாமி குழந்தை வேலப்பர் உங்களோடு சென்ட்ரி காவல் நிற்பாராக.

அன்புள்ள மாமா,
நல்லசாமி

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் மணிமேகலை இதைப் படித்தாள். "காட்டுமாட்டுக் கால்குளம்புல ஒம்பதாம் நம்பர் போட்டிருக்குமாப்பா?" என்று கேட்டு, கையைப் பிடித்துப் பாத்திக்குக் கூட்டிப்போனாள். மிதிபட்ட இடமெல்லாம் என் ஒன்பதாம் நம்பர் பூட்ஸ் தடம். முதல் நாள் வந்தது எதுவோ, அது திரும்ப வரவேயில்லை. மீதியெல்லாம் நான்தான். "ஊருக்கே தெரியும்ப்பா. ரிட்டையர் ஆனதுல இருந்து மொகம் செத்துக் கெடந்தீங்க. இப்பத்தான் வெள்ளனே எந்திரிச்சு பூட்ஸுக்கு பாலிஷ் போடுறீங்க. அதான் யாரும் சொல்லல" என்றாள். எனவே மேலே சொன்ன யோசனையை வாபஸ் வாங்குகிறேன். மனு விஷயத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். வருவதானால் பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்தப் பூண்டு ஒரு பட்டாளத்துக்காரனைத்தான் தாங்கும்.