நத்தைகளுக்கு ஒரு வக்கீல்

வாயில்லாச் சீவன்களுக்கு வக்கீலாகவே பிறந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில், படகில், இழவு வீட்டில்கூட, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொண்டையை மெல்லச் செருமி, ஆட்டின் சார்பில், கோழியின் சார்பில், நெத்திலியின் சார்பில் வழக்கை எடுத்துவிடுவார்கள். கட்சிக்காரர் பேசுவதில்லை. எதிராளிக்கோ வாய் நிறையச் சோறு. அப்புறம் தோல்வி எப்படி வரும்?

நான் அருகே இருந்து பார்த்தவர் சிவகுருநாதன் சித்தப்பா. என் அம்மாவின் அப்பாவும் கந்தப்பு என்பவரும் கூடப்பிறந்தவர்கள். அந்தக் கந்தப்புவின் மூத்த மகள் பத்மாவதி எனக்குச் சின்னம்மா. சின்னம்மாவைக் கட்டியதால் இவர் சித்தப்பா. வீடு பினாங்கில், ரயில்வே கந்தோரில் எழுத்தர் வேலை கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். தினமும் ஃபெரியில் போய்வருவார். நடுக்கடலில் யாரும் எழுந்து போய்விட முடியாது என்பது அவருக்கு ஒரு வசதி.

முறை எப்போதும் ஒன்றுதான். உங்கள் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளுவார்.

"நொந்ததோ?"

"நொந்தது."

"ஆட்டுக்கும் உதே நோதான்."

ஆட்டுக்குப் பேச்சு வராதே என்று நீங்கள் சொன்னால் தொலைந்தீர்கள். "பேசத் தெரியாததைத் தின்னலாமெண்டால், உம்மட கைப்பிள்ளைக்கும் பேசத் தெரியாது. என்ன செய்யப்போறீர்?" சரி, ஆட்டுக்குப் புத்தி இல்லையே என்பீர்கள். "புத்தியில்லாததைத் தின்னலாமெண்டால், எங்கட கந்தோரில முதல்ல ஆரைத் தின்னுறது எண்டு எனக்குத் தெரியும்." பால் கன்றுக்குச் சுரந்தது, அதனால் வெறும் தேத்தண்ணி. தேன் ஈயின் சொத்து. முட்டை, பிறக்கப்போகிற ஓர் உயிர். ஒருநாள் சின்னம்மாவின் கூறைச் சேலையைத் தொட்டுக் காட்டி, இதற்கு எத்தனை ஆயிரம் பட்டுப்பூச்சி அவிந்தது தெரியுமா என்று கேட்டார். "தாலி கட்டேக்க எண்ணிப் பாத்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கேட்ட கேள்விகளில் பிழை இல்லை. எனக்கு இன்றைக்கும் அவற்றுக்குப் பதில் தெரியாது.

யுத்தத்தில் மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று, ஆடு போயிற்று, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துச் சோற்றுக் கடைகளில் கறிச் சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன, ஊரே மரவள்ளிக் கிழங்கைப் பிசைந்தும் சுட்டும் அவித்தும் தின்று முகம் வெளுத்தது. இவருக்கு மட்டும் ஒரு பிரகாசம். "பாத்தீரோ, பினாங்கு முழுக்க எங்கட பக்கம் வந்திட்டுது." வழியில்லாமல் வந்தவர்களையும் மனம் திருந்தி வந்தவர்களாகச் சேர்த்துக்கொள்வது இந்த இனத்தின் பெருந்தன்மை.

அந்தக் காலத்தில்தான் மகள் யோகலட்சுமிக்குக் கால் வீங்கியது. ஏழு வயது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்தார். பெரிபெரி, சத்துக் குறைவால் வருவது; மருந்து இல்லை; கீரையும் முட்டையும் விடாமல் கொடுங்கள், வீக்கம் மேலே ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும் என்றார். முட்டைக்கு நம் வக்கீல் தடை வாங்கிவிட்டார். "கீரை போதும்." வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி கீரை தளதளவென்று நின்றது. பிள்ளையின் உயிர் அந்த நான்கு பாத்தியில் இருந்தது.

மழை பிடித்தது. நத்தை வந்தது. சின்ன நத்தை இல்லை. கைக்குள் அடங்காத பெரிய ஓட்டு நத்தை. ஒருநாள் விடிந்து பார்த்தால் இரண்டு பாத்தியில் காம்புதான் மிச்சம்.

"நசுக்கிப் போட்டுக் கந்தோருக்குப் போங்கோ" என்றார் சின்னம்மா.

"அதுக்கும் பசிதானே, பத்மா. நாங்கள் நட்டனாங்கள் எண்டது எங்கட நியாயம். பிறந்தனான் எண்டது அதின்ர நியாயம்."

"பிள்ளையின்ர காலைப் பாத்து உதைச் சொல்லுங்கோ."

சித்தப்பா காலைப் பார்த்தார். வாளியை எடுத்தார். ஒவ்வொரு நத்தையாக, பூப்பறிப்பது போல இரண்டு விரலால் எடுத்து, வாளியில் போட்டு, வாய்க்காலைத் தாண்டி லாலாங் புல்லுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் ஃபெரியைப் பிடிக்க ஓடினார். தினமும் இதே. கொலை இல்லை, நாடு கடத்தல்தான். உயிருக்கு உயிர் பிழைத்தது, கீரைக்குக் கீரை தழைத்தது. இரண்டு மாதத்தில் யோகலட்சுமியின் வீக்கம் வடிந்தது. ஃபெரியில் அவர் கிள்ளாத கை இல்லை. "கொல்லாமல் வளர்த்த கீரை ஐசே, அதின்ர சத்தே வேற."

ஒருநாள் ரயில் ஓடவில்லை, கந்தோருக்கு விடுமுறை. வாளியோடு ஆற அமர நடந்தார். வாய்க்காலைத் தாண்டியதும் பதினொரு வாத்துகள் வரிசையாக ஓடி வந்து அவர் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தன. பின்னாலேயே, பக்கத்துக் குடிசைப் பிச்சைமுத்து வந்தார். கையில் உருண்டைக் கல்.

"என்னா கிராணி ஐயா, இன்னிக்கி லேட்டு. புள்ளைங்கல்லாம் பசியில நிக்குது லா."

"எந்தப் பிள்ளையள்?"

"இதுங்கதான். ஒங்க வாளிச் சத்தம் கேட்டா போதும், எங்க இருந்தாலும் ஓடியாந்துரும். ஓடு பெருசா இருக்கா, நான் ஒடச்சிப் போட்டாத்தான் திங்குது."

சித்தப்பா குனிந்து பார்த்தார். புல்லுக்குள் உடைந்த ஓடு ஒரு குவியல். இரண்டு மாதக் கட்சிக்காரர்கள்.

பிச்சைமுத்து அவர் முகத்தைக் கவனிக்கவில்லை. "ஐயா குடுக்குற தீனிக்கு நான் என்னாத்தக் குடுக்க முடியும்? அதான் நாள் விட்டு நாள் ரெண்டு முட்டை ஒங்க வீட்டு அம்மாகிட்ட குடுத்துர்றேன். பாப்பாவுக்கு இப்ப கால் எப்படி?"

அன்று அந்த வாளி காலியாகவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. சின்னம்மா வாளியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். யோகலட்சுமியைக் கூப்பிட்டு வாசல்படியில் உட்கார வைத்து, அவள் காலைத் தூக்கிப் புருஷன் மடியில் வைத்தார்.

"அமத்திப் பாருங்கோ."

அழுத்தினார். குழி விழவில்லை.

"இப்ப உங்கட வழக்கைச் சொல்லுங்கோ."

வாளிக்குள்ளிருந்து நத்தைகள் விளிம்புக்கு ஏறி வந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைக்குச் சுடுற மரவள்ளி ரொட்டியில நீர் என்ன போடுறீர் எண்டு நான் கேக்கேல்லை. நீரும் சொல்ல வேண்டாம்."

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். வாத்துகள் வந்தன. கல்லும் வந்தது. சித்தப்பா பினாங்கு மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கையைப் பின்னால் நீட்டி வாளியைக் கவிழ்த்தார். மலை அன்றைக்கு மிக அழகாக இருந்ததாம். அதற்குப் பிறகு, ஜப்பான்காரன் போகும்வரை தினமும் அழகாகத்தான் இருந்திருக்கிறது. ஃபெரியில் வழக்கு மறுநாளே மீண்டும் தொடங்கிவிட்டது. ஆடு, கோழி, நெத்திலி எல்லாம் உண்டு. நத்தையைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், காற்று அதிகம், காதில் விழவில்லை என்பார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பாசாரில் கோழிக்காரனிடம் நல்லதாக ஒன்று வெட்டித் தரச் சொல்லிவிட்டு, அவன் கூண்டுக்குள் கைவிட்ட நேரத்தில், பக்கத்துக் கடைத் தக்காளியை ஒருவர் அவ்வளவு அக்கறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாரே. அவருக்கு அன்று தக்காளி வாங்குகிற எண்ணமே இல்லை. நான் எதிர்க் கடையில்தான் நின்றேன். பின்பக்கம் மட்டுமே தெரிந்ததால் யார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் உயரம்தான் இருக்கும்.