ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மௌனம்

மார்ச் 14, வியாழன்.

பாட்டைக் கேட்பதற்குக் காது போதும். கருத்துச் சொல்வதற்குத்தான் படிப்பு வேண்டும். மனித குலம் இத்தனை நாள் தவறவிட்ட இந்த உண்மையை நிலைநாட்டவே திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரைக்கு எங்கள் ‘இசைக் கருத்தியல்’ வகுப்பு கூடுகிறது. அதன் அடக்கமான மாணவனாகிய நான் இன்று ஒரு சிறு பிழையைப் பதிவு செய்கிறேன்: இரண்டரை மாதங்களாக ஒரு காதால் மட்டுமே கேட்டு வந்திருக்கிறேன்.

ஜனவரி 2 அன்று சட்டைப் பையோடு என் இயர்போன் வாஷிங் மெஷினுக்குள் போயிற்று. வலது பக்கம் பிழைத்தது. இடது பக்கம் பிழைக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. என் நோட்டில் குரல், தாளம், சொல்வளம், சமூகப் பொறுப்பு என்று நான்கு கட்டங்கள் உண்டு. ‘கேட்டதா?’ என்றொரு கட்டம் இல்லை.

அன்றிலிருந்து ஐந்து ஹிப்ஹாப் ஆல்பங்கள், ஆறு பாப் ஆல்பங்கள். பதினொன்றிலும் ஒரு ‘வெறுமையின் அழகியலை’ நான் கண்டுபிடித்தேன். “இதைத்தான் நானும் உணர்ந்தேன்” என்று ஆசிரியர் பதினொரு முறையும் சொன்னார்.

பன்னிரண்டாவது ஆல்பம் எங்கள் வகுப்பிலேயே விளைந்தது. உடன் படிக்கும் லிஃப்ட் மெக்கானிக், தான் செய்த ஆறு ராப் பாட்டுகளை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை வெளியீடு, அதற்குள் எங்கள் மேலான கருத்து வேண்டுமாம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் என் தங்கையும் சொன்னாள்: “அதுல நானும் ஒரு வேலை பண்ணிருக்கேன். என்னன்னு சொல்ல மாட்டேன். கேட்டுட்டு நீயே சொல்லு.”

கேட்டேன். “அட்டைப் படம் பிரமாதம்” என்றேன். ஏனோ எழுந்து போய்விட்டாள்.

நேற்று வகுப்பில் என் கருத்தை வாசித்தேன்: “ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கவிஞர் நான்கு தட்டு மௌனம் காக்கிறார். இன்னொரு குரல் குறுக்கிட்டிருந்தால் இந்தத் தவம் கலைந்திருக்கும்.”

மெக்கானிக் தவிர மற்ற பதினாறு பேரும் கைதட்டினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த மௌனம் வந்தப்ப நான் அழுதுட்டேன் சார்.” இது வகுப்பின் ஏகமனதான கருத்து என்று ஆசிரியர் அறிவித்தார். மெக்கானிக் மட்டும் வாயைத் திறந்தார், சுற்றிலும் பார்த்தார், மூடிக்கொண்டார்.

இன்று மாலை தங்கை கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். மெக்கானிக்கின் செய்தி: ‘மன்னிச்சிருங்க சிஸ்டர். தனிக்குரல்தான் பலம்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க குரலை எடுத்துட்டு வெளியிடறேன்.’

“உன் குரலா?”

“அவ்ளோ மோசமாவா பாடிருக்கேன்? உன் இயர்போனக் குடு.” மாட்டிக் கேட்டாள். முகம் வாடியது. “அதுக்குள்ள எடுத்துட்டாரா?” பிறகு இடது பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அண்ணா, இது எப்பலேருந்து இப்படி?”

தன் கைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்து என் காதில் திணித்தாள். வலது காதில் மெக்கானிக்: ‘ஊரே என் பின்னால வருது!’ இடது காதில் என் தங்கை: ‘லிஃப்ட் நின்னுபோச்சு, அதான் வருது!’ அவர் பீற்ற, இவள் வாரிவிட, ஆறு பாட்டும் இரண்டு பேர் சண்டை. நான் வணங்கிய அந்த மௌனத்தில் என் தங்கைதான் பாடிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு இயர்போன் விஷயத்தைச் சொன்னேன். “என்ன தலைவரே இப்ப வந்து சொல்றீங்க? அத்தனை பேரும் தலையாட்டுனதுல என் காது மேல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வகுப்புல எழுந்து சொல்லுங்க, குரலை விட்டுவைக்கறேன். இல்லன்னா நாளைக்கு ராத்திரி எடுத்துருவேன்.”

என் இயர்போன் பழுது. மற்ற பதினாறு பேருக்கும் ஆசிரியருக்கும் என்ன பழுது? இந்தக் கேள்வியை நியாயமான கோபத்தோடு எழுதிக்கொண்டிருந்தபோது, தங்கை என் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“டிசம்பர் பதினொண்ணு. ‘வெறுமையின் அழகியல்.’ டிசம்பர் பதினெட்டு. ‘வெறுமையின் அழகியல்.’ ஏண்ணா, அப்ப ரெண்டு பக்கமும் நல்லாத்தானே இருந்துச்சு?”

நாளை: ஆறரைக்கு வகுப்பில் எழுந்து, என் தங்கை பாடியிருக்கிறாள், நான் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். டிசம்பரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.