வேகாத தமாலே விஷயமாக எலோதியா அத்தைக்கு

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய எலோதியா அத்தைக்கு,

சான் அந்தோனியோவிலிருந்து உங்கள் தம்பி மகள் நொயெமி எழுதிக்கொள்வது. லரேடோவில் நீங்களும் மாமாவும், மாமாவின் முழங்காலும், இரண்டு கிளிகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம். அம்மாவும் சுகம். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் அப்படி எழுதுவதுதான் முறை என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆகவே விசாரித்தார்கள். இதை முழுக்க ஸ்பானிய மொழியில், அகராதி மட்டும் துணையாக வைத்து எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் என் மேல் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவீர்கள். காகிதத்தில் உங்களால் அது முடியாது.

கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலிருந்து உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் இன்றோடு தீர்ந்துவிட்டது என்று முறைப்படி தெரிவிப்பது. நான் கோபமாக இருந்ததே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் முதலில் கோபத்தைத் தெரிவித்துவிட்டு, பிறகு அது தீர்ந்ததைத் தெரிவிக்கிறேன்.

உங்கள் சமையலறை நினைவிருக்கும். தமாலே செய்ய நீள மேசையைச் சுற்றி எல்லாப் பெண்களும் உட்கார்ந்து சோள மடலில் மாவைத் தடவுவார்கள், இறைச்சியை வைத்து மடிப்பார்கள், ஊரில் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் பேசுவார்கள். நான் வருஷா வருஷம் ஸிங்க் பக்கத்தில் நின்று மடல் கழுவுவேன். இந்த முறை நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில் உட்கார்ந்தேன். நீங்கள் ஸ்பானிய மொழியில் ஏதோ கதை சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. "ஏன் கண்ணு சிரிக்கிற?" என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். அதற்குள் உங்கள் கதை அடுத்த தெரு தோன் சேமாவின் சவ அடக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. "போ தங்கம், நீ போய் மடலைக் கழுவு. இங்க பேச்சு வேகமா போகும், உனக்கு மூச்சு வாங்கும்" என்றீர்கள். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும் என்று மடல் கழுவிக்கொண்டே முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடு, சுலபம் என்றார்கள். மறுத்துவிட்டு, சாயங்காலம் சமுதாயக் கல்லூரியில் ஸ்பானிய மொழியும் பண்பாடும் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே என்னைத் தவிர எல்லாரும் பெரியவர்கள். முதல் நாள் பேராசிரியை கிரோகா என் பெயரைப் படித்தார். நொயெமி செர்த்தூச்சே என்று ஸ்பானியப் பெயர் உள்ள பெண்ணுக்கு மொழி முன்பே தெரியும், சும்மா பொழுது போக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படபடவென்று ஏதோ கேட்டார். நான் தலையை நிமிர்த்தி "ஆமாம்" என்றேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தாராம். பக்கத்து இருக்கையில் வெண்டெல் என்று ஒருவர், மின்னசோட்டாவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதே கேள்விக்குத் தன் மனைவி, பூனை, மைத்துனன் உட்பட எல்லாரையும் பிழையில்லாமல் எண்ணிச் சொன்னார். அத்தை, நான் அழவில்லை.

பிறகு ரோஸ்கா வந்தது. ஜனவரி ஆறாம் தேதி, மூவரசர் திருநாளுக்கு வெட்ட வேண்டிய வளைய ரொட்டியை, கல்லூரி திறக்கவே தாமதமானதால், பேராசிரியை தாமதமாகவே கொண்டுவந்தார். பழக்கம் தெரிந்தவர்கள் காகிதம் போல மெல்லிசாக வெட்டிக்கொண்டார்கள். வெண்டெல் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினார். கடைசியில் நமக்குத் தெரிந்த ஒரு விஷயம் வந்துவிட்டதே என்று நான் எழுந்து நின்று அவருக்கு விளக்கினேன். "சார், உள்ள ஒரு குழந்தை பொம்மை இருக்கும். யாரு துண்டுல அது வருதோ அவங்க பிப்ரவரி ரெண்டாம் தேதி எல்லாருக்கும் தமாலே போடணும். தப்பிக்கவே முடியாது சார்." சொல்லிவிட்டு என் துண்டைக் கடித்தேன். பல்லில் பொம்மை இடறியது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் பேராசிரியை. "இதுதான் உன் வாய்மொழித் தேர்வு. தமாலே கொண்டு வா, எப்படிப் பண்ணினன்னு எங்க மொழியில நின்னு சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா தலை தூக்காமல் பதில் சொல்கிறார். "லாண்டரி பக்கத்துல ஒரு அம்மா கூலர்ல வெச்சு விக்கிறாங்கடி. வாங்கிட்டுப் போ. சர்ச்சுக்கு நான் என் கையால பண்ணேன்னு கொண்டு போறது எதுன்னு நெனச்ச?" இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா உத்தரவு. போன ஈஸ்டருக்கு நீங்கள் மூன்றாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அதுதான் என்பதையும் சொல்லக் கூடாது.

ஆனால் வாங்கியதை எப்படிச் செய்தேன் என்று நான் எப்படிச் சொல்வது? நானே செய்வது என்று இறங்கினேன். முதல் முறை மாவில் ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் போட்டேன். மிதக்க வேண்டும், அது கல் மாதிரி அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மாவில் சேர்க்கும் கொழுப்பை இன்னும் நுரைக்க அடிக்க வேண்டுமாம். கை மரத்துப் போகும்வரை அடித்தேன். இரண்டாம் முறை, நீங்கள் ஆவியில் வேகவைக்கும் பானையின் அடித் தண்ணீரில் ஒரு காசு போடுவதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா, அதே போலப் போட்டேன். கொதிக்கக் கொதிக்கக் காசு கடகடவென்று ஆடியது. நான் பாடம் படிக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. சரி, வெந்துவிட்டது, காசு சொல்கிறது என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தமாம் அத்தை. அதை நீங்கள் மேசையில் இருந்தவர்களிடம் சொல்லியிருப்பீர்கள், ஸ்பானிய மொழியில். ஸிங்க் பக்கம் தகவல் வரவில்லை. அம்மாவின் அடிப்பிடித்த பானையைத் தேய்த்துத் தேய்த்து அப்பாவின் தோள் போய்விட்டது.

மூன்றாம் முறை எல்லாம் சரியாகச் செய்தேன். மாவு மிதந்தது, காசு ஆடியது, தண்ணீர் ஊற்றினேன். மத்தியானம் ஏற்றியது, இருட்டும் வரை கொதித்தும் உள்ளே பச்சை மாவு. வகுப்பில் போய்ச் சொன்னால் பேராசிரியை கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "சமைக்கிற எடத்துல யாராவது கோவமா இருந்தா தமாலே வேகாது. பானைக் காதுல மடலைக் கிழிச்சுக் கட்டு. அதுக்கும் வேகலன்னா சுத்தி ஆடு" என்றார். கட்டினேன். ஆடினேன். அப்பா ஒரு கையால் ஆடினார். அம்மா "எனக்கு இதெல்லாம் தேவையா" என்று சொல்லிக்கொண்டே ஆடினார். நாயும் ஆடியது. வேகவில்லை.

"யாரு மேல கோவம் உனக்கு?" என்று கேட்டார் பேராசிரியை.

"யார் மேலயும் இல்ல டீச்சர்."

வெண்டெல் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, ஒப்பிட்டு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னா 'என் அத்தையின் நாக்கு கத்தியைவிடக் கூர்மையானது'ன்னு எழுதின. இறந்த காலத்துக்கு 'என் அத்தை என்னை அவமானப்படுத்தினாள்'. எதிர்காலத்துக்கு எழுதினத நான் வெளிய சொல்ல மாட்டேன். உன் அத்தைய நேர்ல பாத்தா எனக்கே ஒதறும்."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. ஆகவே அத்தை, சமையல் காரணங்களுக்காக மட்டும் உங்களை மன்னிக்கிறேன். மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னதையும் மன்னித்தேன். ஆங்கிலத்தில் சொன்னதையும் மன்னித்தேன். "மூச்சு வாங்கும்" என்றதற்கு இரண்டு தரம் யோசித்து மன்னித்தேன். இதை எழுதும்போதே புதுப் பானை அடுப்பில் இருக்கிறது, காசு ஆடிக்கொண்டிருக்கிறது. என் மனசு லேசாக இருக்கிறது. உங்கள் உதவி எதுவும் வேண்டாம், நீங்கள் இவ்வளவு தூரம் வரவும் வேண்டாம். தெரிவிப்பதற்காகத்தான் எழுதினேன்.

மாமாவின் முழங்காலுக்கும் கிளிகளுக்கும் என் அன்பு. குவாதலூப்பே அன்னை உங்கள் வீட்டையும் அடுப்பையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீர்ந்த தம்பி மகள்,
நொயெமி

பி.கு.: உறையில் போடுமுன் பானையைத் திறந்து பார்த்தேன். பச்சை மாவு. ஆகவே மேலே எழுதியது எதுவும் உண்மையில்லை, கோபம் அப்படியே இருக்கிறது. பிப்ரவரி இரண்டுக்கு முந்தின சனிக்கிழமை நேரில் வாருங்கள், உங்கள் பெரிய பானையோடு. முதலில் சண்டையை முடித்துவிடலாம், உங்கள் மொழியிலேயே. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் பேசுங்கள், என்னிடம் பதில் தயாராக இருக்கிறது, இரண்டு வாரமாக வகுப்பில் அதைத்தான் எழுதிப் பழகியிருக்கிறேன். அது முடிந்தால் தமாலே தானாக வேகும். எங்கள் வீட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்று சொல்கிறவள் நான். உங்களுக்கு மடல் கழுவுகிற இடம். கவலை வேண்டாம் அத்தை, எங்கள் ஸிங்க் மேசையை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கிருந்தே எல்லாம் நன்றாகக் கேட்கும்.